மாப்ள, மொதல்ல அந்த ராடை எடை போடு

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க? தங்கச்சி, பாப்பா எல்லாம் சௌக்கியமா? நீ அனுப்புன அம்மாம்பெரிய மெயிலுக்கு வாட்ஸப்லயே பதில் அடிச்சுரலாம்னு ஆரம்பிச்சேன், பாதியிலயே விரல் மரத்துப்போச்சு, அதான் லேப்டாப்பை தொறந்துட்டேன். இங்க எல்லாம் ஓடிட்டு இருக்கு. அம்மாவுக்கு கண்ணுல புரை எடுத்தாச்சு, இப்ப டிவில ஓடுற ஸ்க்ரோலிங் நியூஸ் வரைக்கும் வாசிச்சு எங்களுக்கு சொல்லுது, நிறுத்தவே முடியல. பெரியவன் பிளஸ் ஒன் சேந்துட்டான், பயாலஜி வேணாம்னுட்டான், சரி விடுன்னு விட்டுட்டேன். செந்தில் துபாய்லருந்து ஒரேடியா வந்துட்டான், தொப்பையோட. உன்னய கேட்டான்.

சரி விஷயத்துக்கு வரேன். மொட்டை மாடில ஷீட்டு போட்டு பெஞ்சு, ராடு, பிளேட்டு எல்லாம் எறக்கிட்டன்னு படிச்சதும் சந்தோசம்டா, ஓசூர் டிராபிக்ல ஜிம்முக்கு போய்ட்டு வர்றதுக்கு இது எவ்வளவோ மேல். ஆனா பெஞ்ச் பிரஸ், அதான் மல்லாக்க படுத்து ராடை நெஞ்சு வரைக்கும் எறக்கி ஏத்துறது, அதுல 80 கிலோ 6 ரெப்ஸ், 6 தடவை போடுறேன்னு எழுதிருக்க பாரு, அங்கதான் எனக்கு ஒரு டவுட்டு. போட்டோவுல பாத்தேன், உன்னோடது 5 அடி ராடு, ரெண்டு பக்கமும் மரை வெட்டி நட்டு போட்டு முடுக்குற டைப்பு. நீ ராடை 20 கிலோன்னு கணக்குல சேத்துட்ட போல, 20 கிலோங்கிறது 7 அடிக்கு மேல நீளமா, முனை ரெண்டும் தடியா இருக்குமே, அந்த ஒலிம்பிக் ராடு. உன்னோடது ஏழெட்டு கிலோ தான் இருக்கும். பாத்ரூம் ஸ்கேல்ல ராடை கைல வச்சுக்கிட்டு ஏறி நில்லு, அப்புறம் வெறும் ஆளா ஏறி நில்லு, கழிச்சுப் பாரு. பிளேட்டு ரெண்டு பக்கமும் சேத்து 60ன்னா நீ தூக்குறது 68.

மூஞ்சிய தொங்கப் போடாத. இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, எப்லின்னு ஒருத்தர் பேர்ல சொல்லுவாங்க, தூக்குற வெயிட்டை ரெப்ஸால பெருக்கி 30ஆல வகுத்து அதோட அந்த வெயிட்டையே கூட்டிக்கணும், உத்தேசமா ஒரே ஒரு தடவை எவ்வளவு தூக்க முடியும்னு வந்துரும். 68ஐ 6ஆல பெருக்குனா 408, 30ஆல வகுத்தா 13.6, கூட்டுனா 81 சொச்சம். ஆக ஒத்த ரெப்புக்கு நீ 80 கிலோ ஆளுதான், சொன்னது பொய் இல்ல, சுத்தி வந்து உண்மையாயிருச்சு. இத எதுக்கு சொல்றேன்னா மேக்ஸ் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க மேக்ஸ் போட்டுப் பாக்கவே வேணாம், அதுவும் தனியா மாடியில.

இப்ப தோள்பட்டை. முன்பக்கம் சுருக்குன்னு குத்துதுங்கிற, 100 கிலோ எப்ப வரும்னும் கேக்குற. உன் வீடியோவ நாலு தடவை நிறுத்தி நிறுத்தி பாத்தேன்டா, உனக்கு பலம் பத்தாம இல்ல, படுக்குறதுலயே பாதி போயிருது. சும்மா மெத்தையில சாயிற மாதிரி சாஞ்சு ராடை எடுத்துடுற. முழங்கை ரெண்டும் தோளுக்கு நேரா அகலமா விரிஞ்சு நிக்குது, ராடு கழுத்தெலும்புக்கு பக்கத்துல எறங்குது, அந்த எடத்துல தோள் மூட்டுக்குள்ள எடம் நெருக்கி தசைநார் நசுங்கும், குத்தாம என்ன செய்யும். மணிக்கட்டு வேற பின்னாடி மடங்கி கெடக்கு.

படுக்குறப்ப கண்ணுக்கு நேர் மேல ராடு இருக்கணும். ரொம்ப பின்னாடி இருந்தா எடுக்குறப்பயே தோள் கழண்டுக்கிட்டு முன்னாடி வந்துரும், ரொம்ப முன்னாடி இருந்தா தூக்குறப்ப கொக்கியில இடிக்கும். அப்புறம் ராடை தொடுறதுக்கு முன்னாடி முதுகுல இருக்க ரெண்டு தோள் எலும்பையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற மாதிரி இழுத்து, அப்படியே இடுப்பு பக்கமா கீழ தள்ளி, பெஞ்சுல அழுத்திக்க, செட்டு, அதான் ஒரே மூச்சுல போடுற அத்தன ரெப்ஸும், முடியிற வரைக்கும் அதை விடாத. நெஞ்சு தானா தூக்கும், முதுகுல லேசா வளைவு விழும், அது தப்பில்ல, பொச்சு மட்டும் பெஞ்ச விட்டு எந்திரிக்கக் கூடாது. ராடை விரலு வேர்ல பிடிக்காத, உள்ளங்கை அடிப்பக்கம், மணிக்கட்டு எலும்புக்கு நேர் மேல உக்காரணும், கட்டை விரல் கண்டிப்பா சுத்தி வரணும். நீ கட்டை விரலையும் மத்த விரலோட சேத்து வச்சிருக்க, வழுக்குச்சுன்னா நேரா நெஞ்சுல தான்.

எறக்குறப்ப மார்க்காம்புக்கு கொஞ்சம் கீழ தொடணும், முழங்கை உடம்போட ஒட்டவும் வேணாம் முழுசா விரியவும் வேணாம், நடுவுல ஒரு 45லருந்து 60 டிகிரி. பக்கத்துலருந்து பாத்தா முன்னங்கை நேரா நிக்கணும். ஏத்துறப்ப செங்குத்தா போகாது, கொஞ்சம் முகத்துப் பக்கமா சாஞ்சு தோளுக்கு நேர் மேல வந்து முடியும். நெஞ்சுல அடிச்சு எகிற விடாத, தொட்டு ஒரு நொடி நிறுத்து. போட்டியில எல்லாம் ராடு அசையாம நின்னதுக்கு அப்புறந்தான் ரெப்ரீ பிரஸ்னு சொல்லுவாரு.

முட்டி வலிக்குதுன்னு காலை பெஞ்சு மேல தூக்கி வச்சுக்கிற பாத்தியா, அத விட்ரு. பாராலிம்பிக்ல காலை நீட்டி படுத்துதானே போடுறாங்கன்னு கேப்ப. ஈரான்காரர் சியாமந்த் ரஹ்மான் 2016 ரியோல 310 கிலோ போட்டாரு, நம்ம ராஜிந்தர் சிங் ரஹேலு 2004 ஏதென்ஸ்ல வெண்கலம் வாங்குனாரு, எல்லாம் சரி. ஆனா அவங்க பெஞ்சு அகலமா நீளமா இருக்கும், காலை பட்டை போட்டு கட்டிக்கலாம். உன் பெஞ்சு ஒரு அடி அகலம். ஒரு பக்கம் சாஞ்சா போச்சு. பெஞ்சு உயரம்னா காலுக்கு கீழ ரெண்டு பிளேட்டை வச்சுக்க, பாதம் முழுசா பதியட்டும்.

இன்னொன்னு, இதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்த கெடுத்துச்சு. போன மாசம் இங்க ஜிம்முல ஒரு காலேஜ் பையன், பிளேட்டு கழறாம இருக்க ரெண்டு பக்கமும் லாக்க இறுக்கி மாட்டிட்டு படுத்துட்டான், கூட வந்தவன் காலு பக்கம் நின்னு ரீல்ஸ் எடுத்துட்டு இருக்கான். ராடு நெஞ்சுல உக்காந்துருச்சு. அவன் முனகுறத இவன் வெறித்தனமா போடுறான்னு நெனச்சு ஜூம் பண்றான்! மாஸ்டர் ஓடிவந்து தூக்குனாரு, ஒண்ணும் ஆகல. நீயோ மாடியில தனி ஆளு. நட்டை முடுக்கி வச்சிருந்தா ராடை சாச்சு பிளேட்டை தள்ளி விடக்கூட முடியாது. அதனால தனியா போடுற அன்னிக்கு நட்டு வேணாம், ராடை மட்டமா வச்சுக்க, சாச்சா ஒரு பக்கம் சரிஞ்சு விழும், சத்தம் வரும் அவ்வளவுதான், ஆனா அடுத்த பக்கம் சடார்னு எகிறும், அதையும் எதிர்பாத்துக்க. இதெல்லாம் கடைசி வழி. வெல்டிங் பட்டறையில சொல்லி ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு அடிச்சுக்க, நெஞ்சு தூக்குன நெலையில நெஞ்சுக்கு ஒரு விரக்கடை கீழ குறுக்கு பைப்பு வரணும், காத்தை விட்டு நெஞ்சை எறக்குனா ராடு அதுல உக்காந்துரும். அது வர்ற வரைக்கும் டம்பெல்ல போடு.

வெயிட்டை இப்ப 50க்கு எறக்கு, வலி அதுலயும் இருந்தா இன்னும் எறக்கு. வாரம் ரெண்டு நாள், 5 ரெப்ஸ் மூணு செட், வெறும் ராடுல ஆரம்பிச்சு படிப்படியா ஏறி வா. எல்லா செட்டும் சுத்தமா வந்தா அடுத்த தடவை பக்கத்துக்கு 1.25 பிளேட்டு, மொத்தம் 2.5 ஏத்து. ஒவ்வொரு செட்டுலயும் இன்னும் ஒண்ணு ரெண்டு வரும்ங்கிறப்பயே வச்சுரு. ஒரே எடத்துல ரெண்டு மூணு தடவை மாட்டுனா பத்து சதவீதம் எறக்கி திரும்ப ஏறு. நெஞ்சுக்கு எத்தன செட்டோ அத்தன செட்டு முதுகுக்கும் ரோயிங் போடு, குனிஞ்சு வெயிட்டை வயித்துப் பக்கமா இழுக்குறது. திங்கக்கெழம மொத்த ஊரும் செஸ்ட் தான் போடும், முதுகு கண்ணாடியில தெரியாதுல்ல, அதான் எவனும் சீண்ட மாட்டான். ஆனா தோள் ஒழுங்கா நிக்கிறதே முதுகாலதான்.

100 ஒரு வருசமோ ஒன்ற வருசமோ ஆகட்டும்டா, நாப்பத்திரெண்டு வயசுல என்ன அவசரம். பிபி மாத்திரை போடுறல்ல, தூக்குறப்ப மூச்ச ரொம்ப நேரம் அடக்காத, பிரஷர் சர்ருன்னு ஏறும், பாதி தாண்டுனதும் ஊதிரு, டாக்டர் காதுலயும் ஒரு வார்த்தை போட்டு வை. அடுத்த நாள் தசை வலிக்கிறது வேற, அத விடு. ராத்திரி தோள்ல படுக்க முடியலன்னாலோ, கை தூக்க பலம் கொறஞ்சாலோ ஆர்த்தோ கிட்ட போ, என்கிட்ட கேக்காத. தூக்குறப்ப டப்புன்னு சத்தம் கேட்டு அக்குள் பக்கம் நீலம் பாஞ்சா அன்னிக்கே போ.

அடுத்த வீடியோவ தலைமாட்டுலருந்து எடுக்காத, ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. பக்கவாட்டுல, பெஞ்சு உயரத்துக்கு ஸ்டூல் போட்டு போனை வச்சு எடு, மொதல் செட்டும் கடைசி செட்டும் அனுப்பு. தீபாவளிக்கு ஊருக்கு வர்றப்ப செந்திலையும் இழுத்துட்டு மாஸ்டர் ஜிம்முக்கு போவோம், அவனுக்கு வெறும் ராடு தான். ராடு எத்தன கிலோன்னு எடை போட்டுட்டு இன்னிக்கே மெசேஜ் பண்ணு.

உன்
முத்து