18 வயதுக்குப் பின் என்ன என்பதை எங்களோடு உட்கார்ந்து எழுதுங்கள்

நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், கல்வித் துறை, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் பள்ளியை முடித்த பிறகு என்ன செய்யப் போகிறார்கள் என்று முன்கூட்டியே திட்டம் எழுதுவது நல்ல காரியம். அதை எங்களை வைத்துக்கொண்டு எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

என் மகளுக்குப் பெருமூளை வாதம். இடது கை விரல்கள் மடங்கியே இருக்கும். பத்தாம் வகுப்பு முடியும் சமயத்தில் அவளுக்காக நிரப்பிய திட்டப் படிவத்தில் ‘தையல் பயிற்சி’ என்று எழுதியிருந்தார்கள். பெண் பிள்ளை என்றால் தையல். யார் தொடங்கி வைத்த வழக்கமோ! ஒற்றைக் கையால் ஊசியில் நூல் கோப்பது எப்படி என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தை எடை போடும் கொட்டகையில் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும். விடுமுறை நாட்களில் அவள் என்னோடு வருவாள். கொழுந்தைத் தார்ப்பாயில் கொட்டினால், முற்றிய இலையையும் காம்பையும் வலது கையால் பொறுக்கி ஒதுக்குவாள். எந்த மூட்டை யாருடையது என்பதைக் கட்டியிருக்கும் முடிச்சைப் பார்த்தே சொல்லிவிடுவாள். எடை போடும் அண்ணனுக்கு இது தெரியும், கணக்கு எழுதுபவருக்கும் தெரியும். படிவம் நிரப்பியவருக்குத் தெரியாது. அவள் தேயிலை வேலைக்குத்தான் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தரம் பிரிக்கும் கண்ணும் ஆளை நினைவில் வைக்கும் திறனும் கடையிலும் உதவும், கிடங்கிலும் உதவும்.

இந்தத் திட்டத்தைப் பற்றிய கூட்டங்கள் வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு நடக்கின்றன. பந்தலூர்ப் பக்கமிருந்து உதகைக்குப் போய்த் திரும்பினால் அன்றைய கூலி போச்சு. வராத பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று பேசுவதைக் காதால் கேட்டிருக்கிறேன். கோபம் வராமல் என்ன செய்யும்?

இந்த மலையில் வேலைக்குப் போவது என்றால் முதலில் பஸ் நிறுத்தம் வரை போய்ச் சேர வேண்டும். விடியற்காலையில் யானை நிற்கும் பாதையில், ஓட முடியாத பிள்ளை தனியாக எப்படி நடக்கும்? இதற்கு விடை ஜீப் ஓட்டுநரிடமும், அதே நேரத்தில் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் இருக்கிறது. அவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். பணியர், குறும்பர் பழங்குடிக் குடியிருப்புகளில் அவர்கள் மொழி தெரிந்த ஒருவரும் வேண்டும்; இல்லையென்றால் தாய் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வி தருகிறது. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இடமும் அரசு வேலையில் 4 விழுக்காடு இடமும் ஒதுக்கச் சொல்கிறது. இதெல்லாம் பிள்ளை பள்ளியை விட்டு நின்ற பிறகுதான் எங்கள் காதுக்கு வருகிறது. 18 நிறைந்தவர்களுக்குத் தேவைப்பட்டால் சட்டப்படியான பாதுகாவலரை நியமிப்பது, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவின் வேலை. அப்படி ஒரு குழு இருப்பதே தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் பிள்ளைக்கு 16 வயதாகும்போதே பள்ளிக்குப் பிந்தைய திட்டம் நடப்பில் இருக்க வேண்டும், அதைப் பேசும் கூட்டத்துக்கு மாணவரையும் அழைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். ஒன்பதாம் வகுப்பிலேயே அங்கு பேச்சைத் தொடங்கலாம்.

என் மகளைக் கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்கே முழுதாகத் தெரியாது. சொல்லி முடிக்க அவளுக்கு நேரமாகும். சிறப்பாசிரியர் அவசரப்படாமல் உட்கார வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் எங்கள் லைனில் எல்லோரும் இருப்போம். ஒரு வாரம் முன்னதாகத் தேதி சொன்னால் மற்ற தோட்டங்களின் பெற்றோருக்கும் சொல்லி வைக்கிறேன். பழைய படிவத்தையும் எடுத்து வாருங்கள், திருத்த வேண்டும்.

இப்படிக்கு,
பந்தலூர் வட்டத்துத் தோட்டத் தொழிலாளி, ஒரு தாய்