ஒரு பென்சிலுக்கும் அரைத் தாளுக்கும்

நூலக அக்காவுக்கும், இந்தப் பத்து நாளும் எங்களோடு நின்ற எல்லோருக்கும்,

வாசிப்பு எதிர்வினைக் கட்டுரைகளைக் கொடுத்துவிட்டோம். ஒன்பது பேருடையதும் இன்று மதியம் துறையில் சேர்ந்துவிட்டது. படபடப்பு அடங்குவதற்குள் நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறோம்.

அக்கா, ஜேன் ஆஸ்டனின் "பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்" நாவலை எடுத்துத் தந்தபோது நாங்கள் கேட்காமலே ஒவ்வொருவருக்கும் ஒரு பென்சிலையும் நாலாக மடித்த அரைத் தாளையும் சேர்த்துக் கொடுத்தீர்கள். "கதைய எழுதாதீங்க, அது புத்தகத்துலயே இருக்கு. நீங்க எங்க ஏமாந்தீங்கன்னு எழுதுங்க" என்றீர்கள். எங்களைக் கரை சேர்த்தது அந்த அரைத் தாள்தான். அடுத்த ஆண்டு இதே நாவலைக் கையில் எடுப்பவர்களுக்கும் உதவட்டும் என்று அதில் இருந்ததை இங்கே விரித்து எழுதுகிறோம்.

தாளின் தலைப்பில் இருந்தது ஒரு கூட்டல் கணக்கு. 1813 ஜனவரியில் இந்த நாவல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் அத்தியாய எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்: 23, 19, 19. இப்போது கிடைக்கும் பல பதிப்புகளில் 1 முதல் 61 வரை நேராக ஓடுகிறது. நம் அலமாரியில் இரண்டு வகையும் கலந்து கிடக்கின்றன. இரண்டாம் தொகுதி எண்ணோடு 23, மூன்றாம் தொகுதி எண்ணோடு 42 கூட்டினால் போதும். இரண்டாம் தொகுதியின் 12 என்பது 35ஆம் அத்தியாயம். இது தெரியாமல் எடுத்த மேற்கோள் எண்களையெல்லாம் அப்புறம் உட்கார்ந்து திருத்தினோம்.

அதற்குக் கீழே பெயர் வழக்கு. கதை பென்னட் குடும்பத்துப் பெண்களைப் பற்றியது. அந்தக் காலத்து வழக்கப்படி மணமாகாத மூத்த பெண்ணுக்கு மட்டும்தான் வெறும் "மிஸ் பென்னட்". ஆகவே அது ஜேன். அவளுக்கு அடுத்தவளான கதாநாயகி "மிஸ் எலிசபெத்" அல்லது "மிஸ் எலிசா". ஆனால் ஜேன் இல்லாத இடத்தில் எலிசபெத்தே மிஸ் பென்னட் ஆகிவிடுவாள். 56ஆம் அத்தியாயத்தில் செல்வந்தன் டார்சியின் உறவுக்காரி லேடி கேத்தரின், அவனை மணக்கக் கூடாது என்று "மிஸ் பென்னட்"டை வந்து மிரட்டுவது அவளைத்தான். இது பிடிபட்டால், கல்யாணமாகி வரும் கடைக்குட்டி லிடியா "ஜேன், இனி உன் இடம் எனக்கு" என்று சொல்வது எவ்வளவு கூசுகிற பேச்சு என்பதும் புரியும்.

பிறகு பணம். எலிசபெத்தின் அப்பாவின் நிலத்தில் ஆண்டு வருமானம் 2,000 பவுண்டு, ஆனால் ஆண் வாரிசு இல்லாததால் அவருக்குப் பின் அந்த நிலம் உறவுக்காரர் காலின்ஸுக்குப் போகும். எலிசபெத்துக்கு வரக்கூடியது அம்மாவின் காலத்துக்குப் பின் நாலு சதவீதக் கடன்பத்திரத்தில் 1,000 பவுண்டு, அதாவது ஆண்டுக்கு 40 பவுண்டு. டார்சிக்கு ஆண்டுக்கு 10,000. இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 19ஆம் அத்தியாயத்தில் மணக்கக் கேட்கும் காலின்ஸை அவள் மறுப்பதையும், 22இல் அவள் தோழி, 27 வயது ஷார்லட் அதே ஆளை ஏற்பதையும் படிக்க வேண்டும். எண் இல்லாமல் படித்தால் ஒருத்தி துணிச்சல்காரி, இன்னொருத்தி கோழை என்று எழுதத் தோன்றும். அது ஷார்லட்டுக்குச் செய்கிற அநியாயம்.

இதெல்லாம் மேற்பக்கம். உண்மையான உதவி பின்பக்கத்தில் நீங்கள் ஸ்கேல் வைத்துப் போட்டிருந்த மூன்று கோடுகளில் இருந்தது. அத்தியாய எண், டார்சி, விக்கம், தேதி என்று நாலு கட்டம். விக்கம், டார்சி தனக்கு அநியாயம் செய்ததாகச் சொல்லும் இளம் அதிகாரி. ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் இருவரைப் பற்றியும் ஒரே ஒரு சொல் எழுத வேண்டும். புத்தகத்தில் கீறக் கூடாது, தாளில்தான். ரப்பர் தொடவே கூடாது. ஏன் என்பது அப்போது விளங்கவில்லை. முடிவு தெரிந்த பிறகு "விக்கம் மேல் எனக்கு முதலிலேயே சந்தேகம்" என்றுதான் எல்லோருக்கும் எழுத வரும், ஞாபகம் அப்படி மாற்றிச் சொல்லும். தேதி போட்ட சொல் மாறாது.

16ஆம் அத்தியாயத்துக்கு நேரே எட்டுத் தாளில் "பாவம்" என்று இருந்தது. ஒன்றில் "அழகன்". விக்கம் தன் கதையைச் சொல்லும் இடம் அது. அந்த உணர்ச்சியைச் சொல்லும்போது அவன் முன்னைவிட அழகாகத் தெரிந்தான் என்று அங்கே ஒரு வரி வருகிறது. அப்படித் தெரிவது எலிசபெத்துக்கு. ஆசிரியர் அவள் கண்ணை விட்டு நகராததால் நமக்கும் அப்படியே தெரிகிறது.

அடுத்து நீங்கள் அடிக்கோடிட்டிருந்தது: "35 முடிஞ்சதும் மூடிடு. 16, 18 திரும்பப் படி. அப்புறம் 36." 35, விக்கம் சொன்னதற்குப் பதிலாக டார்சி எலிசபெத்துக்கு எழுதும் கடிதம். 36இல் எலிசபெத்தே அதை மறுபடி மறுபடி படித்துத் தன் பிழையைக் கண்டுபிடிக்கிறாள். நேராக 36க்குப் போனால் நமக்காக அவள் கண்டுபிடித்துவிடுவாள், நாம் கண்டதாக ஒன்றும் இருக்காது. திரும்பிப் போனால் மூன்று விஷயம் கண்ணில் படும். விக்கம் இரண்டாம் சந்திப்பிலேயே ஓர் அந்நியளிடம் குடும்பக் கதை முழுவதையும் கொட்டுகிறான். டார்சியின் தந்தையின் நினைவுக்காக டார்சியை அம்பலப்படுத்த மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே அம்பலப்படுத்துகிறான். டார்சிக்காக நான் ஏன் ஒதுங்க வேண்டும் என்றவன் அடுத்த வார நடன விருந்துக்கே வரவில்லை. கிடைக்காமல் போனதாகச் சொன்ன பாதிரியார் பதவிக்கு ஈடாக 3,000 பவுண்டு வாங்கியிருந்தான் என்பது கடிதத்தில்தான் தெரிகிறது. மற்ற மூன்றும் நம் கண் முன்னேயே கிடந்தவை.

58ஆம் அத்தியாயத்தில் எலிசபெத்தும் டார்சியும் மனம் ஒப்புவதைவிட 36தான் இந்த நாவலின் காதல் காட்சி என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அங்கே டார்சி இல்லை. நெருக்கி எழுதிய இரண்டு முழுத் தாளும், உறை வரை ஓடிய எழுத்தும், நடந்தபடியே அதைப் படிக்கும் ஒருத்தியும்தான். ஒன்பது கட்டுரையும் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன, ஒவ்வொன்றும் தன் தாளில் இருந்த சொல்லோடு.

இரவு பதினொன்றுக்கு மேலும் படிப்பறை விளக்கை அணைக்காத விடுதி அம்மாவுக்கும், காசை அப்புறம் வாங்கிக்கொண்ட ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும், திரையில் பார்த்த ஏரிக் காட்சி நாவலில் இல்லை என்று கடைசி நேரத்தில் எங்கள் கட்டுரைகளிலிருந்து அதை அடித்துக் கொடுத்த சீனியர் அக்காக்களுக்கும், இரண்டு நாள் கூடுதலாகத் தந்த ஆசிரியைக்கும் மனமார்ந்த நன்றி.

அக்கா, ஒன்பது பிரதிகளையும் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கிறோம். ஒவ்வொன்றிலும் 35க்கும் 36க்கும் நடுவே நாலாக மடித்த அரைத் தாள் ஒன்று இருக்கும், பின்பக்கத்தில் கோடு போட்டு, கட்டங்கள் காலியாக. ஒன்பது பென்சிலும் சீவி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
இளங்கலை ஆங்கில இலக்கியம், இரண்டாம் ஆண்டு மாணவிகள்