நன்றிக் குறிப்பும் வீட்டுப்பாடமா?

ஆசிரியருக்கு,

பிளஸ் 2 மாணவர்களின் தேர்வு பயம் பற்றிய தங்கள் தலையங்கம், தினமும் நடந்த நல்லவற்றை நன்றிக் குறிப்பாக எழுதப் பழக்கலாம் என்கிறது. சரி, நல்ல யோசனைதான். ஆனால் அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களோடு, அவை ஏன் நடந்தன என்பதையும் ஒரு வாரம் எழுதச் சொன்னார்கள். நல்லது நடந்ததில் தன் முயற்சிக்கும் பங்குண்டு என்று பிள்ளைக்குப் புரிவது அந்த 'ஏன்' எழுதும்போதுதான். என் மகளின் வகுப்பில் இதைக் கையெழுத்து வாங்கும் வீட்டுப்பாடமாக்கினார்கள். பாதிப் பேர் பக்கத்து நோட்டைப் பார்த்து, 'அம்மா தோசை சுட்டுத் தந்தார்' என்றே எழுதினார்கள்!

எனவே மதிப்பெண்ணோ சோதனையோ இல்லாமல், விரும்பும் மாணவர்கள் மட்டும் எழுதட்டும். அப்புறம், எழுதித் தீராத மனச்சுமையும் உண்டு. அந்த நோட்டின் அட்டையிலேயே மத்திய அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் இலவச உதவி எண் 14416-ஐப் பள்ளிக் கல்வித் துறை அச்சிட்டுத் தரலாம்.