புதன்கிழமை நாற்பது நிமிடங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

சென்ற மாதம் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "தரம் 11 பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது. புதன்கிழமை பின்னேரம் கராத்தே எதற்கு? அந்த நேரத்தில் ஒரு கணிதத் தாளாவது செய்யலாமே" என்று கேட்டார். மண்டபத்தில் பல தலைகள் ஆடின. "உடற்பயிற்சியும் வேண்டும்தானே" என்று சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டேன். அது அரைப் பதில். வீட்டுக்குப் போன பிறகும் அது என்னை விடவில்லை. மீதியை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். வகுப்பு நிற்காது. தரம் 11 பிள்ளைகளுக்கும் நிற்காது.

தொடக்கத்தில் நானும் இதைத் தள்ளியிருந்துதான் பார்த்தேன். இரண்டு மணிக்கு கராத்தே மாஸ்டர் மோட்டார் சைக்கிளை வேப்பமரத்தடியில் நிறுத்துவார். பிள்ளைகள் சப்பாத்துகளைக் கழற்றி வரிசையாக வைப்பார்கள். நான் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பவேண்டிய அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவர் வந்து, "டீச்சர், பார்ப்பதென்றால் வரிசையில் நின்று பாருங்கள்" என்றார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தரம் 6 பிள்ளைகளோடு நின்றேன்.

அவர்கள் பழகிக்கொண்டிருந்தது ஹெய்யான் ஷோதான் என்னும் கட்டா. கட்டா என்பது எதிராளி இல்லாமல் தனியே செய்யும் அசைவு வரிசை. இதில் 21 அசைவுகள். முதலாவதில் இடப்பக்கம் திரும்பிக் கையைத் தாழ இறக்கித் தடுக்கவேண்டும். இரண்டாவதில் ஓரடி முன்வைத்துக் குத்தவேண்டும். மூன்றாவதில் அப்படியே முழுதாகப் பின்பக்கம் திரும்பி மறுபடி தடுக்கவேண்டும். நாலு வாரம் பழகிய பிறகு எனக்கு அது பிடிபட்டுவிட்டதென்று நினைத்தேன். ஐந்தாவது வாரம் மாஸ்டர் "மூன்று" என்று எண்ணியபோது என் மனம் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், ஒரு கூட்டல் பிழையில் கிடந்தது. எல்லோரும் திரும்பினார்கள், நான் திரும்பவில்லை. எனக்கு முன்னால் முதுகு காட்டி நின்ற சிறுமி திரும்பியபோது என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். வலது கை தாழ இறங்கியிருந்தது, இடது முட்டி இடுப்போடு ஒட்டியிருந்தது. கண் சிமிட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "திரும்புங்கள் டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னாள்.

வகுப்பில் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பவள் என்று தேர்ச்சி அறிக்கையில் தவணைதோறும் நாங்கள் எழுதிய பிள்ளை அவள். அன்றைக்கு அந்த மைதானத்தில் முழுதாக இருந்தவள் அவள். நான் அங்கே இல்லை.

அதன் பிறகு பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம், இந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குள்ளே கேட்டுக்கொள்கிறேன். அம்மம்மாவோடு வளரும் சில பிள்ளைகள் நம்மிடம் படிக்கிறார்கள். தாய் குவைத்திலோ கட்டாரிலோ வேலை செய்கிறார். காலை எட்டு மணிப் பாடத்தில் அந்தப் பிள்ளையின் மனம், அங்கே இப்போது விடிந்திருக்குமா, அம்மா எழும்பியிருப்பாவா, இன்றைக்கு அழைப்பு எடுப்பாவா என்று இன்னொரு நாட்டின் மணிக்கூட்டில் ஓடுகிறது. வேறு சில பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து ஆண்டுக்கணக்கான பிறகும், வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்துபோன அந்தப் பின்னேரத்திலேயே நிற்கிறார்கள். தரம் 11 பிள்ளைகளோ இன்னும் எழுதாத தாளின் பெறுபேற்றுக்குள் வாழ்கிறார்கள். இப்படி மனம் ஓரிடத்திலும் உடல் ஓரிடத்திலுமாக இருக்கும் பிள்ளைக்கு இன்னுமொரு தாளைக் கொடுப்பதால் என்ன பயன்? கையெழுத்து மட்டும்தான் தாளில் விழும்.

பெரியவர்களான நாமும் அப்படித்தான். உங்களில் பலர் 2004 டிசம்பர் 26 அன்று பாடசாலைப் பிள்ளைகள். கடல் கொஞ்சம் கூடுதலாக இரைந்தால் இன்றைக்கும் நள்ளிரவில் எழுந்து முற்றத்துக்கு வந்து பார்ப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், நானும் ஒருத்தி. ஒரு கால் அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது, மறு கால் பிள்ளை பல்கலைக்கழகம் போகப்போகும் ஆண்டில் இருக்கிறது. நடுவில், சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து ஏதோ சொல்ல வாயெடுக்கும் பிள்ளை நமக்குக் கண்ணில் படுவதில்லை.

கராத்தே இதற்கு என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். இருவராக நின்று பழகும் பயிற்சியை ஒருமுறை வந்து பாருங்கள். ஒருவர் குத்துவார், மற்றவர் தடுத்துத் திருப்பி ஒரு குத்து வைப்பார். வைப்பது உடம்பில் படாமல் ஒரு விரற்கடை தூரத்தில் நிற்கவேண்டும். எங்கே குத்தப்போகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் குத்துவார்கள், ஒளிவு மறைவு இல்லை. ஆனாலும் புதிய பிள்ளைகள் தடுமாறுவார்கள். வரப்போகிறது, வரப்போகிறது என்று பயந்தவன் முந்திக் கையைத் தூக்கிவிடுவான். குத்து அந்தக் கைக்குக் கீழால் வரும். போனமுறை பட்டதையே நினைத்துக்கொண்டிருப்பவன் பிந்திவிடுவான். வருகிற கையை அது வரும்போது பார்த்தால் மட்டும் சரியாக இருக்கும். "இந்தக் கணத்தில் இரு" என்று நான் காலைக்கூட்டத்தில் நூறுமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்கும் அது விளங்கியதாகத் தெரியவில்லை. முகத்துக்கு நேரே வரும் ஒரு சின்ன முட்டி அதை ஒரு நொடியில் விளங்கவைத்துவிடுகிறது.

ஜப்பானில் தக்குவான் என்றொரு ஜென் துறவி இருந்தார் (1573–1645). யாக்யூ முனேனோரி என்ற வாள்வித்தை ஆசானுக்கு அவர் எழுதியதில் இதே விடயம் வருகிறது. மனம் எதிராளியின் வாளில் போய் நின்றால் அந்த வாள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தன் வாளில் நின்றாலும் அப்படித்தான். மனம் எங்கும் தங்கி நிற்கக்கூடாது என்கிறார். அதைப் படித்தபோது என் தகப்பனார்தான் நினைவுக்கு வந்தார். அவர் வாவியில் முழங்கால் தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிவார். வலையின் ஒரு மடிப்பு தோளில் கிடக்கும், ஈயம் கோத்த ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்பார். சிறுமியான நான் கரையில் நின்று எதையாவது கேட்பேன், பதிலே வராது. கோபம் என்று நினைத்து அழுதிருக்கிறேன். தண்ணீரின் மேல் ஒரு சுழிப்பு தெரிந்ததும் வலை விரிந்து விழும். பிறகு, நான் கேட்டதெல்லாம் காதில் விழுந்திருந்ததுபோல ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டே கரைக்கு வருவார்.

இந்தக் கலை நம்முடையதல்லவே என்று சிலர் சொன்னார்கள். நமது மாவட்டத்தில் தமிழ் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் சீனடி, சிலம்படி ஆகிய தற்காப்புக் கலைகள் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். சீனடி என்ற சொல்லிலேயே சீனம் கேட்கிறது. கராத்தேயும் முன்பு "சீனக் கை" என்ற பொருள்படும் எழுத்துகளில் எழுதப்பட்டதுதான். 1936 இல் ஒகினாவாவின் நாஹா நகரில் கூடிய ஆசான்கள் "வெறுங்கை" என்ற எழுத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆகையால் இவை ஒன்றுக்கொன்று அந்நியமென்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டில் கம்பு சுழற்றத் தெரிந்த அப்பப்பா ஒருவர் இருந்தால் தயவுசெய்து கூட்டி வாருங்கள். மாஸ்டரிடம் பேசிவிட்டேன், அவருக்கும் ஆசைதான்.

பிள்ளைகள் அடிதடிக்குப் பழகிவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. போன தவணை தண்ணீர்க் குழாயடியில் ஒரு சண்டை நடந்ததை நீங்கள் அறிவீர்கள். முதலில் கை நீட்டியவன் கராத்தே பழகுபவன்தான், அதை மறைக்கமாட்டேன். மாஸ்டர் அவனை வகுப்பிலிருந்து நீக்கவில்லை. மற்றவர்கள் கட்டா செய்ய, இவன் மட்டும் வணக்கம் செய்யவேண்டும். நேராக நிற்பது, இடுப்பிலிருந்து குனிவது, நிமிர்வது. இரண்டு புதன்கிழமைகள் நாற்பது நாற்பது நிமிடம் அது மட்டும். கராத்தே வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிகிறது என்று ஃபுனாகோஷி கிச்சின் (1868–1957) சொல்லியிருக்கிறார். 1922 இல் தோக்கியோவில் செய்துகாட்டி இக்கலையை ஜப்பானின் பெருநிலத்தில் பரப்பிய அவரும் தொழிலால் ஒரு பாடசாலை ஆசிரியர். நம் பிள்ளைகள் பழகும் ஹெய்யான் கட்டாக்கள் ஐந்தும் அவருடைய ஆசான் இதோசு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகினாவாவின் பாடசாலை மாணவர்களுக்கென்றே அமைத்தவை. ஐந்தும் தடுப்பில்தான் தொடங்குகின்றன. ஹெய்யான் என்ற பெயரின் பொருள் அமைதி.

இரண்டாவது புதன்கிழமை முடிவில் அந்தப் பையன் தானாகவே மற்றவனிடம் போய்க் குனிந்து நின்றதை நான் விறாந்தையிலிருந்து பார்த்தேன். யாரும் அவனை அனுப்பவில்லை.

இனிப் பரீட்சைக்கு வருகிறேன், அந்தத் தந்தை கேட்டது அதைத்தானே. கராத்தே பழகினால் புள்ளி கூடும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். நான் கண்டதைச் சொல்கிறேன். தரம் 11 இல் ஒரு மாணவனுக்குக் கணிதத் தாளைக் கண்டாலே கை நடுங்கும். முதல் வினாவில் தடக்கினால் மீதியை வெறுமையாக விட்டுவிட்டு எழும்பிவிடுவான். இந்தத் தவணைப் பரீட்சையில் மேற்பார்வைக்கு நான் போயிருந்தேன். தாளைக் கொடுத்ததும் அவன் அதைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்து, வகுப்பின் தொடக்கத்தில் மண்டியிட்டுக் கண்மூடி இருப்பார்களே அதுபோல, மூச்சை நீளமாக விட்டான். பிறகு தாளைத் திருப்பினான். கடைசி மணி அடிக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் என்ன செய்தாய் என்று கேட்டேன். "முதலாவது அசைவை மட்டும் நினைத்தேன் டீச்சர், பிறகு இரண்டாவதை" என்றான். எத்தனை புள்ளி எடுத்தான் என்பது அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் உரியது.

எல்லாத் துயருக்கும் இது மருந்தாகாது. பிள்ளை தூங்கவில்லை, சாப்பிடவில்லை, பேசவில்லை என்றால் என்னிடமோ ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமோ வாருங்கள். புதன்கிழமை வரை காத்திருக்கவேண்டாம்.

உங்களிடம் இரண்டொரு வேண்டுகோள் இருக்கிறது. வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் எந்த நிறப் பட்டி, எப்போது அடுத்தது என்று கேட்காதீர்கள். கேட்டால் அந்த நாற்பது நிமிடமும் இன்னொரு பரீட்சையாகிவிடும். இன்றைக்குப் பழகியதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். செய்துகாட்டும் அந்த ஒரு நிமிடம் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தாய்மார் காணொளி அழைப்பில் பார்ப்பதென்றால் நானே ஒழுங்குசெய்கிறேன்; நேரத்தை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

வெள்ளைச் சீருடை வாங்கவேண்டாம், விளையாட்டு உடை போதும். வறண்ட கச்சான் காற்று தொடங்கிவிட்டதால் தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். தரம் 11 பிள்ளைகள் மூன்று மணிக்கு முன்பே வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். தனியார் வகுப்புக்குப் பிந்தாது.

வருகிற புதன்கிழமையிலிருந்து கடைசி வரிசையைப் பெற்றோருக்கென்று விட்டுவைக்கிறோம். கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தத் தந்தையை முதல் ஆளாக எதிர்பார்க்கிறேன். சேலையோ சாரமோ எதுவானாலும் பரவாயில்லை. செருப்பை வேப்பமரத்தடியில் கழற்றி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். மூன்றாவது எண்ணிக்கையில் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று நான் சொல்லித்தருகிறேன்.

அன்புடன்,
அதிபர்