மூன்று மணிக்கு மேல்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கொடுத்தனுப்பின நார்த்தங்காய் ஊறுகாயும் கடிதமும் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. ஊறுகாய் அடி தெரிகிறது, பதில்தான் இன்னும் போடவில்லை. திட்டாதே. போனில் பேசலாமென்றால் நடுவில் ஒரு விமானம் போய்விடுகிறது, நீ "ஏல, ஸ்டேஷன்ல நிக்கியா" என்கிறாய், அம்மா பதறிப்போய் போனைப் பிடுங்குகிறாள். அதனால்தான் காகிதம். மணி மூன்று தாண்டிவிட்டது, இனி எங்கள் தெருவுக்குக் கொஞ்சம் மூச்சு.

அதென்ன மூன்று மணி என்பாய். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இரண்டு ஓடுபாதை. மேற்குக் காற்று அடிக்கிற நாட்களில் காலையில் ஒன்றில் இறக்குவார்கள், மதியம் மூன்றுக்கு மற்றதற்கு மாற்றிவிடுவார்கள், அடுத்த வாரம் தலைகீழ். சுற்றியிருக்கிற சனங்களுக்கு அரைநாளாவது காது ஓயட்டும் என்று செய்த ஏற்பாடு. எங்கள் முறை வந்தால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று, சக்கரத்தை நீட்டிக்கொண்டு தலைக்கு மேலேயே போகும், டீ கிளாஸில் வட்டம் வட்டமாய் அலை எழும்பும். விடிகாலை நாலரைக்கே முதல் விமானம் வந்துவிடும். ஹவுன்ஸ்லோவில் ஒரு பள்ளிக்கூடத்தில், வெளியில் இருக்கும்போதும் டீச்சர் பேசுவது பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டுமே என்று, மைதானத்தில் குவிமாடம் மாதிரி மண் குடில்கள் கட்டியிருக்கிறார்கள். தாத்தா வீட்டு நெற்குதிரைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும்.

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா, என் ரசத்தைக் குடித்துவிட்டு இருமினவர். முப்பது வருடம் விமான எஞ்சின் ரிப்பேர் பார்த்தவர், இப்போது வாசலில் "மூன்றாவது ஓடுபாதை வேண்டாம்" என்று பலகை நட்டு வைத்திருக்கிறார். பேசிக்கொண்டே இருப்பார், விமானம் வந்தால் வாயை மூடிக்கொள்வார், அது போனதும் விட்ட சொல்லிலிருந்து சரியாகப் பிடித்துக்கொள்வார். "நேற்று எங்கள் பூனை" என்று நிறுத்தி, முழுதாக ஒரு விமானம் போன பிறகு "வாந்தி எடுத்தது" என்றார். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. விடிகாலையில் எத்தனை மணிக்கு எது போனது என்று நோட்டில் எழுதுகிறார். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு, அலமாரி நிறைய.

ஏறுவதும் இறங்குவதுமாக வருடத்துக்கு 4,80,000 விமானம் என்று இப்போது உச்சவரம்பு இருக்கிறது. மூன்றாவது பாதை வந்தால் 7,56,000 வரை போகுமாம். 2025 ஜனவரியில் நிதி அமைச்சரே ஆதரவு என்று அறிவித்துவிட்டார். அரசாங்கத்துக்கு யோசனை சொல்லும் காலநிலைக் குழு, நாடு முழுமைக்கும் ஒரு கட்டுப்பாட்டுத் திட்டம் வராமல் எந்த விமான நிலையத்தையும் பெரிதாக்காதீர்கள் என்று 2023-லேயே சொல்லியிருந்தது. யார் கேட்டார்கள்? கிழவர் சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. எஞ்சின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டோம், காரை பேட்டரியில் ஓட்டிவிடலாம், ஆனால் கண்டம் விட்டுக் கண்டம் போகிற கனத்தைத் தூக்க இன்றைக்கு எண்ணெயைத்தான் எரிக்க வேண்டும், எண்ணிக்கை கூடினால் புகையும் கூடத்தான் செய்யும் என்கிறார். 2022 ஜூலை 19 அன்று இந்த ஹீத்ரோவிலேயே 40.2 டிகிரி. நமக்கு அது சித்திரை மாசம், இங்கே குளிருக்கென்று கட்டின வீட்டுக்குள் அவர் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலிருக்கிற ஹார்மண்ட்ஸ்வர்த் கிராமத்துக்குக் கூட்டிப்போனார். அறுநூறு வருடத்து மரக் களஞ்சியம், 192 அடி நீளம், உள்ளே காலெடுத்து வைத்ததும் நம் வீட்டுப் பத்தாயத்தைத் திறந்த வாசனை. மூன்றாவது பாதைத் திட்டப்படி களஞ்சியம் தப்பிவிடுமாம், ஊரில் பாதி இடிபடுமாம்.

மூன்றாவது பாதை வேண்டாமென்று நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அக்கா. விமானச் சாப்பாடு கட்டுகிற கிச்சனில் வேலை பார்த்துக்கொண்டு உண்ட வீட்டுக்கு ரெண்டகமா என்று கேட்பாய். கிச்சனில் யாரிடமும் சொல்லவில்லை. ஷிஃப்ட் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், அதுவும் நல்லதுதான், தூங்க நேரம் கிடைக்கிறது. ஹீட்டர் போடுவதே இல்லை, இரண்டு ஸ்வெட்டர் போதும்.

2025 மார்ச் 20-ம் தேதி ராத்திரி பக்கத்து ஊர் ஹேய்ஸில் துணைமின் நிலையம் தீப்பிடித்து, மறுநாள் சாயங்காலம் வரைக்கும் விமான நிலையமே மூடிக்கிடந்தது. வானத்தில் ஒன்றுமில்லை. கிழவர் தோட்டத்தில் நாற்காலி போட்டு, நோட்டில் தேதி மட்டும் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்போது பின்தெருவில் எவர் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. இங்கே வந்து இத்தனை நாளில் அது காதில் விழுந்ததே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, "அம்மா, மூணு ஆயிட்டு, அணைச்சிரு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கிழவர் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தூசி என்றேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தை மாதக் கல்யாணத்துக்கு நான் வருவது சந்தேகம். ஒரு தடவை வந்து திரும்பினால் எவ்வளவு புகை என்று உனக்குத் தெரியாது, எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவனே விமானத்தில் ஏறினால் நன்றாகவா இருக்கும்? நீ இதை நம்பமாட்டாய். அத்தானிடமாவது இப்படியே சொல். லீவும் இல்லை. தாய்மாமன் மாலையைச் சின்னவனைப் போடச் சொல், நான் செய்ய வேண்டிய முறை பங்குனிக்குள் கட்டாயம் வரும். சென்னை விமானம் எங்கள் மேலே இறங்குகிற நாட்களில் மட்டும் நான் வெளியே போய்ப் பார்ப்பேன், அதைக் கிழவரிடம் சொன்னதில்லை.

கிணற்றடி வயலுக்குப் பவர் எழுதித் தரச் சொன்னாயே, இங்கே இந்திய ஹைகமிஷனில் சான்றொப்பம் வாங்கித்தான் அனுப்ப வேண்டும், அது அங்கே வந்த மூன்று மாதத்துக்குள் அத்தான் முத்திரைத்தாள் வேலையை முடித்துவிட வேண்டும். பெரியப்பா அவசரப்படுத்துகிறார் என்று எதிலும் அம்மாவைக் கைநாட்டு வைக்க விடாதே. கண் ஆபரேஷன் முடியட்டும், அவளே படித்துப் பார்க்கட்டும். மூலப்பத்திரத்தின் நகலை அனுப்பு, போன தடவை நீ எடுத்த போட்டோவில் சர்வே நம்பர் மேல் உன் கட்டைவிரல்தான் தெரிகிறது.

உன் தம்பி