பர்ஸில் மடித்து வைத்த ஈசிஜி

அன்புள்ள தம்பி,

நேற்று இரவு நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "அக்கா, எனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகுதா?" என்று கேட்டிருந்தாய். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. அன்று லிஃப்டுக்குள் உனக்கு வந்தது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று உடம்பையே உலுக்கும் பயத்தின் தாக்குதல். அதனால் பைத்தியம் பிடிக்காது. நீ பயந்ததுபோல நன்றாக இருக்கும் இதயம் திடீரென்று நின்றும்போகாது. எனக்கும் பல வருடங்கள் இது வந்துகொண்டிருந்தது, வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார் என்று கோபப்படுகிறாய். அவர் சொன்னது உன் இதயத்தைப் பற்றி, அது சரிதான். ஆனால் லிஃப்டுக்குள் உன் விரல்கள் மரத்துப்போனதும், உதட்டைச் சுற்றி ஊசி குத்தியதும், நெஞ்சு அடைத்ததும் நிஜம். அவை ஏன் வந்தன என்று யாரும் உனக்கு உட்கார்ந்து சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

ஆபத்து என்று மூளை முடிவு கட்டியதும் சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வேகமாகும், வியர்க்கும், வயிற்றைக் கலக்கும். எதிர்த்து நில் அல்லது ஓடு என்று உடம்பு தயாராகும் இந்த ஏற்பாட்டை வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியலாளர் 1915இலேயே விவரித்திருக்கிறார். காலடியில் பாம்பு இருந்தால் இது உயிரைக் காப்பாற்றும். லிஃப்டுக்குள் ஓட இடமில்லை, அடிக்க ஆளில்லை. நீ சும்மா நின்றுகொண்டு ஓடுகிறவன்போல மூச்சு வாங்கினாய். அப்படி வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். அது குறையும்போது மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும், கண் முன்னால் இருப்பதெல்லாம் கனவுபோலத் தெரியும். ரத்தத்தில் காரத்தன்மை சற்று ஏறி நரம்புகள் சீண்டப்படும், விரல் மரத்துப்போவதும் உதடு குறுகுறுப்பதும் அதனால்தான். மூச்சே கிடைக்கவில்லை என்று நீ தவித்த நேரத்தில் உண்மையில் தேவைக்கு மேல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாய். அதனால்தான் "நல்லா ஆழமா மூச்சை இழு" என்று பக்கத்தில் நிற்பவர்கள் கொடுக்கும் யோசனைமேல் எனக்கு மரியாதை இல்லை. இழுப்பதை விட்டுவிடு, வெளியே விடுவதை மட்டும் மெதுவாக்கு. காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய வைத்தியமும் வேண்டாம், இதயமோ நுரையீரலோ பழுதுபட்டவருக்கு அது ஆபத்து.

மயங்கி விழுந்துவிடுவேனோ என்கிறாய். ரத்த அழுத்தம் சட்டென்று சரியும்போதுதான் மயக்கம் வரும். பேனிக்கில் அது பெரும்பாலும் ஏறத்தான் செய்யும், அதனால் இதில் விழுகிறவர்கள் குறைவு. ரத்தத்தையும் ஊசியையும் பார்த்து விழுகிறவர்கள் கதை வேறு.

சரி, பாம்பே இல்லாதபோது இது ஏன் கிளம்புகிறது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986இல் முன்வைத்த விளக்கமும் ஏறக்குறைய இதுதான். படியேறியதாலோ தூக்கமின்மையாலோ இதயம் ஒருமுறை தடதடக்கிறது. "ஹார்ட் அட்டாக்" என்று மனம் அர்த்தம் பண்ணிக்கொள்கிறது. அந்தப் பயம் மேலும் அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது, தடதடப்பு கூடுகிறது, "பார், நான் சொன்னேனில்லையா" என்று பயம் இன்னும் பெரிதாகிறது. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, தானாகவே இறங்கிவிடும். நீ ஒன்றும் செய்யாவிட்டாலும் இறங்கும்.

இது உனக்கு மட்டும் வந்த விசித்திரம் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்கள் பலர் படபடப்பு, நெஞ்சுவலி என்று வந்து நின்றதை டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் எழுதி வைத்தார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பேனிக் கோளாறு தனி நோயாக இடம்பிடித்தது 1980இல்தான். நடுவில் எத்தனை பேர் இதயநோயாளி என்ற பெயரோடு பயந்தே காலம் தள்ளினார்களோ!

இனிமேல் நான் எழுதப்போவது உனக்குப் பிடிக்காது. அந்த நாளிலிருந்து நீ லிஃப்டில் ஏறுவதில்லை. மீட்டிங்கில் கதவோரம் உட்காருகிறாய். தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு விரல் கழுத்துக்குப் போய் நாடித்துடிப்பை எண்ணுகிறது. ஈசிஜி காகிதத்தை மடித்து பர்ஸில் வைத்திருக்கிறாய், போன மாதம் நீ பணம் எடுத்தபோது பார்த்தேன். மடிப்பில் கிழிந்து கோடுகள் பாதி வெளுத்துவிட்டன. எத்தனை முறை பிரித்துப் பார்த்திருப்பாய்!

இவையெல்லாம் உன்னைக் காப்பாற்றுவதாகத் தோன்றும். பயம் வராத நாளின் பெருமை முழுவதும் பாட்டிலுக்கும் கதவோரத்துக்கும் போய்விடும். லிஃப்டில் உண்மையிலேயே ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொள்ள உன் மூளைக்கு வாய்ப்பே கிடைக்காது. லிஃப்டில் தொடங்கியது மீட்டிங் அறைக்கும் பேருந்துக்கும் பரவி, கடைசியில் வீட்டில் தனியாக இருக்கவே முடியாது என்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும். தாக்குதலைவிட அதற்குப் பயந்து நாம் போடும் வேலிதான் வாழ்க்கையைச் சுருக்குகிறது.

எனக்கு வரிசையில் நின்றால் வரும். ஒருமுறை வங்கியில் வந்தபோது வெளியே ஓடாமல் நின்றேன். குதிகால் தரையில் பதிந்திருப்பதைக் கவனித்துக்கொண்டு, "வந்துட்டியா? சரி, இருந்துட்டுப் போ" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உடனே அடங்கிவிடவில்லை. கால் நடுங்கியது, காது அடைத்தது. பேனாவால் எண் எழுதிக் கொடுத்திருந்த டோக்கன் கைக்குள் நனைந்து, கவுன்டரில் நீட்டியபோது நீலக் கறை மட்டும்தான் இருந்தது. அந்த அம்மா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் வந்த வேலையை முடித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். அடுத்த முறையும் வந்தது, கொஞ்சம் குறைவாக.

நீயும் படிப்படியாகப் போ. முதலில் லிஃப்டுக்குள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நில். பிறகு யாராவது கூட வர ஒரு மாடி, அதன்பிறகு தனியாக ஒரு மாடி. பயம் இருக்கும்போதே போக வேண்டும், பயம் போன பிறகு போகலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது. பயமூட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை தெரிந்த உளவியலாளரிடம் போனால், சுழல் நாற்காலியில் உன்னைச் சுற்றவிட்டு, ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொல்லி, அந்தத் தலைசுற்றலையும் திணறலையும் வேண்டுமென்றே வரவழைத்துப் பழக்குவார். கேட்கக் கொடுமையாக இருந்தாலும் நன்றாக வேலை செய்யும்.

தினசரி டென்ஷன் தனிக் கணக்கு. இரண்டு ஆள் வேலையை ஒருவன் தலையில் கட்டிவிட்டு அவனுக்கு மூச்சுப் பயிற்சி வகுப்பும் நடத்துகிற அலுவலகங்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அங்கே தேவை பயிற்சி இல்லை, "இதற்கு மேல் என்னால் முடியாது" என்று மேலாளரிடம் சொல்வது. மற்றபடி மாலைக் காபியை நிறுத்து. குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மதுவால் பதற்றம் அடங்குவதுபோலத் தெரிந்து மறுநாள் காலையில் கூடுதலாகத் திரும்பி வரும்.

மறுபடி டாக்டரைப் பார்க்கும்போது தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் பரிசோதித்தார்களா என்று கேள், இவற்றாலும் படபடப்பு வரும். உடல் உழைப்பின்போது நெஞ்சு வலித்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, நிஜமாகவே மயங்கி விழுந்தாலோ பேனிக் என்று நீயாக முடிவு செய்துவிடாதே, உடனே மருத்துவமனைக்குப் போ. மனநல மருத்துவர் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை, அதாவது பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து, எழுதிக் கொடுத்தால் பயப்படாதே. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், முதல் சில நாட்கள் பதற்றம் கூடினாலும் கூடும், நீயாக நிறுத்தக் கூடாது. நண்பன் கொடுத்தான் என்று சொன்னாயே, போட்டதும் அமைதியாகிவிடும் அந்த மாத்திரை, அதை மட்டும் தொடாதே. அந்த வகை மாத்திரைகள் பழகிப்போனால் விடுவது பெரும்பாடு. உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால் நடுராத்திரியானாலும் எனக்குப் போன் செய்.

சனிக்கிழமை வருகிறேன், லிஃப்டில் ஒரு மாடி சேர்ந்து போகலாம். பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. அம்மாவிடம் நீயே சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா? அதற்கு மட்டும் இன்றைக்கே பதில் போடு.

அன்புடன்,
அக்கா