கேட்பதும் ஒரு வேலைதான்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் வாசகர் பக்கத்தில் ஒருவர், ‘தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை திரட்டச் சம்பள ஆள் எதற்கு? அந்தப் பணத்தில் பத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போடலாமே’ என்று கேட்டிருந்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான், ஏழு வருடமாக எங்கள் ஊரில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு சின்ன இல்லத்தில் சம்பளமில்லாப் பொருளாளர். தொடக்கத்தில் நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சோற்றையே எடுத்துக்கொள்வோம். இல்லத்துச் சுவரில் ஒரு பெரிய காலண்டர் இருக்கிறது. பிறந்தநாள், கல்யாண நாள், திதி என்று யார் என்றைக்குச் சாப்பாடு போடுகிறார்கள் என்பதை அதில் குறித்து வைப்போம். அமாவாசைக் கட்டத்தில் நான்கு பெயர் இருக்கும். ஒரு ஜனவரி 1 அன்று மதியம், இரண்டு குடும்பங்கள் பிரியாணி அண்டாவோடு ஒரே நேரத்தில் வாசலில் நின்றன. பிள்ளைகள் எவ்வளவுதான் சாப்பிடும்? அதே மாதம் பிசியோதெரபி டீச்சருக்குச் சம்பளம் 18 நாள் தள்ளிப்போனது. கரண்ட் பில்லை என் கையிலிருந்து கட்டினேன். கொடுத்தவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. டீச்சர் சம்பளத்துக்கும் தரலாம் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்ல எங்களிடம் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆள் வைக்கும்படி ஆனது 2022 மே மாதத்தில். 2021-22 நிதியாண்டில் கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், முகவரி, பான் எண், தொகையை 10பிடி படிவத்தில் மே 31க்குள் வருமான வரித் துறைக்கு அனுப்ப வேண்டும் என்று புது விதி. தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். அதை அனுப்பினால்தான் கொடுத்தவருக்கு 10பிஇ சான்றிதழ், அது இருந்தால்தான் நன்கொடைக்கான 80ஜி வரிச்சலுகை. எங்கள் ரசீது புத்தகத்தைப் புரட்டினால் ‘டெய்லர் கடை அண்ணன் - 5,000’ என்று இருக்கிறது! அதுவும் ரொக்கம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பி.காம் படித்த ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்து, இருபது நாள் வீடு வீடாகப் போன் போட்டுத்தான் கரையேறினோம்.

அந்தப் பெண் அப்புறம் எங்களோடு இருந்துவிட்டார். கொடுத்தவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பணம் எதற்குச் செலவானது என்று ஒரு பக்கக் கடிதம் போகும். சாப்பாட்டுக்கு நாள் கேட்டு வருபவரிடம், “அன்றைக்கு ஏற்கெனவே இருக்கிறது சார், அந்த மாதத்துப் பயிற்சிச் செலவில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்பார். பாதிப் பேர் சரி என்கிறார்கள்.

நடுவில் ஒரு ஏஜென்சியிலிருந்து வந்தார்கள். ஊர் ஊராக ஆள் நிறுத்தி வசூல் செய்து தருகிறோம், வருவதில் நூற்றுக்கு 35 எங்களுக்கு என்றார்கள். கமிட்டியில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் 1960இல் தொடங்கிய நன்கொடை திரட்டுவோர் சங்கம், வசூலில் சதவீதம் வாங்கக் கூடாது என்று தன் நெறிமுறையிலேயே வைத்திருக்கிறது. ஏன் என்பதை நாங்கள் சம்பளத்துக்கு வைத்த அந்தப் பெண்ணிடம் பார்த்தேன். மாதம் 300 ரூபாய் அனுப்பும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருப்பது தெரிந்ததும், அந்தப் பெண் போன் செய்து உடம்பை மட்டும் விசாரித்தார். “இந்த மூன்று மாதம் அனுப்ப வேண்டாம் ஐயா, மருந்து வாங்குங்கள்” என்றார். கமிஷனில் இருப்பவருக்கு அப்படிச் சொல்ல மனம் வருமா? வந்தாலும் கட்டுப்படியாகுமா?

கேட்பதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்களுக்கு வேலூரைச் சொல்வேன். அங்கே சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்ததோடு நிற்கவில்லை, இந்தியா திரும்புமுன் அமெரிக்காவில் பணமும் திரட்டினார். ஷெல் என்ற வங்கியாளர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அதில் எழுந்ததுதான் 1902இல் திறந்த 40 படுக்கை மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. இன்றைய சிஎம்சியின் தொடக்க காலக் கட்டடம் அது.

நம் கல்லூரிகளில் சமூகப்பணி முதுகலை படிக்கிறவர்களுக்கு நன்கொடை திரட்டுவதை ஒரு முழுத் தாளாகவே வைக்கலாம். கணக்கு, வரிச் சட்டம், கடிதம் எழுதுவது, கொடுப்பவரின் விவரத்தை வெளியே விடாமல் காப்பது, வேண்டாத பணத்தை மறுப்பது, எல்லாவற்றையும் சொல்லித் தரலாம். இன்றைக்கு இவற்றை ஒவ்வொரு இல்லமும் அடிபட்டுத்தான் கற்கிறது.

எங்கள் இல்லத்தின் அந்தப் பெண்ணுக்கு வெளியூரில் இரு மடங்கு சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது. ‘சேவை மனப்பான்மையோடு இருக்கட்டும்’ என்று சொல்லி எத்தனை நாள் நிறுத்தி வைப்பது? வரும் ஞாயிறு கமிட்டி கூடுகிறது. அவர் சம்பளத்தை உயர்த்தும் தீர்மானத்தை நான்தான் கொண்டுவரப் போகிறேன். இந்தக் கடிதத்தின் நகலையும் அங்கே வாசிக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
பாளையங்கோட்டை